யாரும் "வாங்க" சொல்லாத வீடு

3-3-1936, செவ்வாய்

மில்லில் மூன்றாம் நம்பர் மோட்டார் மறுபடி சூடாகிறது. பேரிங்கைக் கழற்றினால் கிரீஸ் காய்ந்து கட்டியாகிக் கிடந்தது. துடைத்து மாட்டிவிட்டு நாலு மணி வரை கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் வெள்ளகோவிலிலிருந்து கடிதம். பழனியாத்தாளின் அண்ணன், என் மச்சான் பொங்கியண்ணன் யாரையோ வைத்து எழுதியிருக்கிறார். மாரியம்மன் நோம்பி சாட்டி, திருவிழாவுக்கு நாள் குறித்தாயிற்றாம். இருபத்துநாலாந் தேதி பொங்கல். "குழந்தையை முன்கூட்டியே கொண்டுவந்து விடவும். நோம்பி முடியும் வரை இங்கே இருக்கட்டும்." உள்ளே என் பெயர் எங்கும் இல்லை. உறையின் மேல் மட்டும் இருக்கிறது.

பழனியாத்தாள் போய்ச் சேர்ந்து எட்டு மாசம். பிரசவத்துக்கு அனுப்பச் சொல்லி மச்சான் ரெண்டு தரம் வந்து கேட்டார். கோயமுத்தூரில் டாக்டர் இருக்கிறார், ஆஸ்பத்திரி இருக்கிறது என்று நான்தான் அனுப்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவளும் வரவில்லை, வயிற்றில் இருந்ததும் வரவில்லை. காரியத்துக்கு வந்த மச்சான் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறினார். அதற்கப்புறம் இதுதான் முதல் கடிதம்.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. பக்கத்து வீட்டு ரங்கநாயகியம்மாள் அதை ஒரு சீக்கு மாதிரி விசாரிக்கிறாள்.

8-3-1936, ஞாயிறு

சரசுவை டாக்டர் வெங்கடபதியிடம் காட்டினேன். மூன்றரை வயதுக்கு எடை குறைவுதான். நாலு படி ஏறினால் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிடுகிறது.

டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு என் காதிலும் மாட்டினார். லப்-டப் என்று கேட்க வேண்டிய இடத்தில் இரைச்சல். கசியும் வால்வில் காற்று சீறுகிற மாதிரி.

பிறவியிலேயே இருதயத்துக்குள் ஓட்டை. நுரையீரலுக்குப் போகிற குழாயும் குறுகல். நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலந்து உடம்புக்குப் போகிறது. தைக்கவோ அடைக்கவோ உலகத்தில் எங்கும் வழியில்லையாம்.

"நீங்க மோட்டார் பாக்கறவரு, உங்களுக்குப் புரியும். மத்த புள்ளைக அரை லோடுல ஓடுதுங்க. காய்ச்சல் வந்தா முக்கால் லோடு. தாங்கிக்கும். உங்க பொண்ணு சும்மா உக்காந்திருக்கறப்பவே முழு லோடு. அதுக்கு மேல ஒரு தட்டம்மையோ கக்குவானோ வந்து நெஞ்சுல சளி கட்டுச்சுன்னா, மிச்சம்னு ஒண்ணும் இல்லீங்க."

ஊருக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டேன்.

"தாராளமா. சீக்குப் புள்ளைக இருக்கற ஊடா மட்டும் இருக்கக்கூடாது."

14-3-1936, சனி

ரங்கநாயகியம்மாள் சரசுவின் துணிகளை மடித்துக் கொடுத்தாள். "ஏனுங்க திருமூர்த்தி, பத்து நாளு புள்ளய உட்டுட்டு வந்து இங்க தனியா என்ன பண்ணுவீங்க? மோட்டாரத் தூக்கி மடியில வெச்சுக்குவீங்களா?" என்றாள்.

சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

15-3-1936, ஞாயிறு

சரசுவோடு திரும்பி வர ராத்திரி ஆகிவிட்டது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஒண்ணரை மைல். சரசுவைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். வழியில் எல்லா வீட்டு நிலையிலும் வேப்பிலை. நோம்பி சாட்டிய ஊர் அப்படித்தான் இருக்கும்.

மச்சான் தோட்டத்து வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. அவர் சம்சாரம் முத்தாத்தாள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எங்கள் பக்கத்தில் தண்ணீர் கேட்டு வந்த வழிப்போக்கனைக்கூட முதலில் "வாங்க" என்பார்கள். அப்புறந்தான் யார் என்று கேட்பார்கள்.

அப்பவே திரும்பியிருக்கலாம். திரும்பல. ரோசம். தங்கச்சியைக் கொன்னவன்னு நெனச்சுக்கிட்டு நிக்கறாரு, நிக்கட்டும், எம்புள்ளைக்கு இது மாமன் ஊடு — அப்படின்னு நேரா உள்ள போனேன்.

கட்டிலில் அவர்கள் பையன் தம்பிதுரை படுத்திருந்தான். ஆறு வயசு. சரசுவை அவன் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவனுக்குக் கண் சிவந்து நீர் வடிந்தது, இருமினான். வெயிலில் விளையாடிக் களைத்துப் படுத்திருக்கிறான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ரெண்டும் ஒரே தலையணையில் சாய்ந்துகொண்டு விரல்களை எண்ணி விளையாடிக்கொண்டிருந்தன.

மச்சான் உள்ளேயே வரவில்லை. அந்த வீம்பில் நானும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

முத்தாத்தாள் சோறு போட்டாள். ரசத்தில் தாளிப்பு இல்லை. எண்ணெயில் வதக்கினது எதுவும் இல்லை. இரண்டாவது வாயில் கை நின்றது.

"ஏனுங்கக்கா, கடுகு போடறதில்லீங்களா?"

"ஆத்தா வந்திருக்காளுங்க," என்றாள் தலை நிமிராமல்.

"யாருக்குங்க?"

"மொதல்ல இவியளுக்கு வந்து எறங்குச்சுங்க," வாசலில் நின்ற மச்சானைக் கண்ணால் காட்டினாள். " முந்தாநேத்துத்தான் மூணாந் தண்ணி ஊத்துனோம். இப்பத் தொரைக்கு. தட்டம்மைதானுங்க, காதுக்குப் பின்னால இப்பத்தான் முத்துக் காட்டுது…"

சரசுவை வாரித் தூக்கினேன். "ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா? புள்ள ஒடம்பு தெரியுமில்ல?" என்று கத்தினேன். அம்மை போட்ட வீட்டில் சத்தம் போடக்கூடாது. போட்டேன்.

மச்சான் வாசலில் இருந்தபடியே சொன்னார்: "ஆத்தா இருக்கற ஊட்ல வாங்கன்னும் சொல்லக்கூடாது, போங்கன்னும் சொல்லக்கூடாது. கடுதாசியும் போடக்கூடாது. உங்களுக்குத் தெரியாததுங்களா மாப்ள? அதான் கம்முனு நின்னேன். வாங்கன்னு சொல்லாத ஊட்டுக்குள்ள எந்தக் கவுண்டன் நொழைவான்னு பாத்தேன். நீங்க நொழஞ்சுபோட்டீங்க."

ரெண்டு மணி நேரம். ஒரே தலையணை.

16-3-1936, திங்கள்

லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் ஓடினேன். சரசுவுக்கு இன்றைக்கு ஒன்றுமில்லை. இருக்கவும் இருக்காது. பத்துப் பன்னிரண்டு நாள் உள்ளேயே கிடந்துவிட்டுத்தான் வெளியே காட்டுமாம்.

தடுக்க மருந்து உண்டா என்றேன். டாக்டர் பேனாவைத் திருகிக்கொண்டே சொன்னார். சீமையில் ஒன்று செய்கிறார்களாம். அம்மை வந்து புதிதாகத் தேறிய ஆளின் ரத்தத்தை எடுத்துக் குழந்தையின் சதையில் ஊசியாகப் போடுவது. அம்மையோடு சண்டை போட்ட சத்து அந்த ரத்தத்தில் இருக்கும். ஒட்டின நாளிலிருந்து ஐந்து ஆறு நாளைக்குள் போட்டால் அம்மை வராது, அல்லது லேசாக வந்து போய்விடும்.

"புஸ்தகத்துல படிச்சதுங்க. நாஞ் செஞ்சதில்ல. பலிக்கும்னு எழுதிக் குடுக்க மாட்டேன்."

"பழைய ஆள் ரத்தம் ஆகாதுங்களா? என்னோடது?"

"உங்களுக்குச் சின்ன வயசுல வந்துச்சுங்களா?"

சொல்ல ஆளில்லை. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை.

"வந்திருந்தாக்கூட, நாளானா வீரியம் கொறைஞ்சு போகும். புதுசா எறங்குன பெரிய ஆளு வேணும். இருக்காங்களா?"

இருக்கிறார். மூன்று நாள் முன்னால்தான் அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றிக்கொண்ட மச்சான்.

18-3-1936, புதன்

வெள்ளகோவில் போய்த் திரும்பினேன். இந்தத் தடவை வேலிக்கு வெளியே நின்றே கூப்பிட்டேன். மச்சான் வந்தார். சொன்னேன். முழுதும் கேட்டார்.

"ஆத்தா எறங்குன ஒடம்புல ஊசி குத்தறதா? என்ர பையன் உள்ள நெருப்பாக் கெடக்கறான் மாப்ள. மேலெல்லாம் வாரி எறைச்சாப்பல போட்டிருக்குது. நான் இப்ப அப்பிடி ஒண்ணு பண்ணி, ஆத்தா கோவிச்சுக்கிட்டு அவங்கிட்டக் காட்டுனா?"

"உங்க தங்கச்சி புள்ளைங்க அது."

"தங்கச்சி." வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கும் டாக்டரு, ஊசின்னுதானே நாயம் பேசுனீங்க."

அவரே மறுபடி சொன்னார்.

"அதுமில்லாம நோம்பிக்குக் கோயில்ல கம்பம் நட்டாச்சு. கம்பம் புடுங்கற வரைக்கும் ஊரைத் தாண்டி ராத் தங்கக் கூடாது. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

ராத் தங்க வேண்டாம், காலையில் வந்து சாயங்காலம் திரும்பிவிடலாம் என்றேன். அவர் உள்ளே போய்விட்டார். அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை என்று பஸ்ஸில் தோன்றியது. அவருக்கு அவர் பிள்ளை. எனக்கு என் பிள்ளை. அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்க வேண்டுமோ?

19-3-1936, வியாழன்

நாலாம் நாள். சரசு தேங்காய் பன் முழுதாகத் தின்றாள். மூச்சு நிமிஷத்துக்கு முப்பத்தாறு. இது அவளுக்கு வழக்கந்தான்.

20-3-1936, வெள்ளி

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். நாளைக்கு என் ரத்தத்தையே எடுத்துப் போடட்டும். எனக்கு அம்மை வந்திருந்தால் ஏதோ கொஞ்சம் பலன். வராமலே இருந்திருந்தால் அது வெறும் ரத்தம், குழந்தைக்கு ரெண்டு தொடையிலும் வலிதான் மிச்சம்.

மூன்றாம் நம்பர் மோட்டாரில் தப்பான ஃபியூஸ் போட்டுவிட்டேன். போர்மன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

21-3-1936, சனி

எட்டேகால் மணிக்கு டாக்டர் வீட்டு வாசலில் சரசுவோடு நிற்கிறேன். எதிர்ச் சாரியில் மச்சான் வருகிறார். வேட்டி முழுக்கப் புழுதி. தலையில் உருமால் கட்டு.

"மொத பஸ்ஸுங்களா?" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள போயரோணும்," என்றார். அப்புறம் தடுமாறிக்கொண்டே சொன்னார்: "பூவாக்குக் கேட்டேன்."

வெள்ளைப் பூவையும் செவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி ஆத்தா முன்னால் போட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் உத்தரவு.

"வெள்ளை வந்துச்சுங்களா?"

"வந்துச்சு. மூணாந் தடவை."

"மொதல் ரெண்டு?"

"செவப்பு. பூசாரி ஒருக்காத்தான் கேக்கோணும்னான். நீ கம்முனு போடுறான்னு சொல்லிப்போட்டேன்."

சரசு சிரித்தாள். என்ன புரிந்து சிரித்தாளோ.

டாக்டர் அவர் கையைக் கட்டி ஊசியை இறக்கினபோது மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டு கடலைக்காய் விளைச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். நெற்றி முழுதும் வேர்வை. முப்பது சி.சி. கறுஞ்சிவப்பு. அப்படியே சூடாக, உறைவதற்குள், சரசுவின் இந்தத் தொடையில் பாதி, அந்தத் தொடையில் பாதி. அவள் அலறினாள். உதடு நீலம், நகம் நீலம். மச்சான் அதுவரை அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"அட சாமி, இப்பிடியா இருக்குது?" என்றார் என்னிடம். "எங்கிட்ட யாரும் இப்பிடின்னு சொல்லலையே."

காபி வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் பன்னிரண்டரை பஸ்ஸுக்குப் போய்விட்டார். ஆறாம் நாள் இது. டாக்டர் சொன்ன கெடுவின் கடைசி நாள்.

25-3-1936, புதன்

பத்தாம் நாள். ஒன்றுமில்லை.

27-3-1936, வெள்ளி

பன்னிரண்டு. சரசு தும்மினாள். ரங்கநாயகியம்மாளும் நானும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். "மொளகாப்பொடிங்க, நாந்தான் இடிச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள் அவள். குரல் சரியில்லை.

29-3-1936, ஞாயிறு

பதினாலு நாள் ஆயிற்று. தப்பித்தோமா என்று டாக்டரைக் கேட்டேன். ஊசி போட்ட குழந்தைக்கு நாள் தள்ளித்தான் காட்டும், இன்னும் ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள் என்றார்.

1-4-1936, புதன்

காய்ச்சல். நூற்றி ஒன்று. மூச்சு நாற்பத்தி நாலு.

2-4-1936, வியாழன்

நூற்றி ஒன்று புள்ளி நாலு. மூச்சு நாற்பத்தி எட்டு. விலாவுக்கு அடியில் சதை உள்ளே போய்ப் போய் வருகிறது. நிமிர்த்தி உட்கார வைத்து முதுகுக்குத் தலையணை கொடுக்கச் சொல்கிறார் டாக்டர். படுத்தால் முட்டுகிறது.

ஐம்பதைத் தாண்டினால் உடனே ஆள் அனுப்ப வேண்டும்.

3-4-1936, வெள்ளி

காதுக்குப் பின்னால் முத்து. எண்ணினேன். பதினொன்று. கழுத்தில் நாலு.

காலை ஒன்பதுக்கு மூச்சு ஐம்பத்திரண்டு. டாக்டர் வந்தார். பத்தரைக்கு ஐம்பத்தாறு. உதடு பார்க்கவே முடியவில்லை. நான் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணுகிறேன், எண்ணுகிறேன், எண்ணிக்கொண்டே இருக்கேன். எண்ணறத நிறுத்துனா நின்னுபோகுமோன்னு பயம். லோடு ஏறுது, எதைக் கழட்டறது? அவகிட்ட இருந்து எதைக் கழட்டி வெக்கறது? நடக்கல, பேசல, திங்கல. மூச்சு மட்டுந்தான் ஓடிக்கிட்டிருக்கு.

டாக்டர் அவள் முழங்கால்களை மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அப்படிப் பிடித்தால் மூச்சு தணியுமாம். பிடித்துக்கொண்டேன். ஒரு மணி நேரம். கை மரத்துப்போனது.

பகல் பன்னிரண்டுக்கு ஐம்பத்திரண்டு. ஒன்றரைக்கு நாற்பத்தொன்பது.

4-4-1936, சனி

முத்து நெஞ்சுக்கு மேல் இறங்கவில்லை. அவ்வளவுதான் போட்டது. மூச்சு நாற்பத்தி நாலு.

டாக்டர் இரண்டு தரம் பார்த்தார். "அந்த ரத்தம் வேலை செஞ்சிருக்குதுங்க. ஊசி இல்லாம முழுசாப் போட்டிருந்தா நேத்தே…" என்று நிறுத்திக்கொண்டார்.

7-4-1936, செவ்வாய்

காய்ச்சல் இல்லை. மூச்சு முப்பத்தெட்டு. "ரசஞ் சோறு" என்று கேட்டாள். ரங்கநாயகியம்மாள் தாளிக்காமல் வைத்துக் கொடுத்தாள். "எதுக்கும் இருக்கட்டுமுங்க, எல்லாரையும் ஒண்ணாவா பகைச்சுக்கறது?" என்றாள்.

மச்சானுக்குக் கடிதம் போட்டேன்.

12-4-1936, ஞாயிறு

நான் எழுதினதற்குப் பதில் வருவதற்கு முன்னால் அவர்கள் கடிதம் வந்திருக்கிறது. தம்பிதுரைக்கு அம்மை இறங்கிவிட்டது. ஆனால் வலது காதில் சீழ். பத்து நாளாக வடிகிறதாம். அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லையாம். கடைசியில் ஒரு வரி: "ஊரில் அந்த ரத்த விஷயத்தைப் பற்றிப் பலவிதமாகப் பேசுகிறார்கள்."

டாக்டரிடம் காட்டினேன். தட்டம்மைக்குப் பின்னால் நூற்றில் பத்துப் பிள்ளைகளுக்குக் காது சீழ் பிடிக்கும், அப்பன் கையில் குத்தின ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். நான் நம்புகிறேன். நான் படித்தவன்.

முதல் ரெண்டு தரம் செவப்புப் பூ.

கடிதத்தை மடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. பழனியாத்தாளுக்காகவா, அந்தப் பையனுக்காகவா, எதற்கென்றே தெரியவில்லை. நிற்கவே இல்லை. சரசு வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

13-4-1936, திங்கள்

தம்பிதுரையைப் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். வேறு என்ன செய்ய?

19-4-1936, ஞாயிறு

வெள்ளகோவில் போனேன். முத்தாத்தாள் பையனை மடியில் வைத்துக்கொண்டு காதில் துணியைத் திரித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். நூற்றில் பத்து என்றேன்.

"அந்தப் பத்துல என்ர பையன் எதுக்குங்க?" என்றாள்.

மச்சான் அவளை அடக்கவில்லை. கோயமுத்தூருக்கு அனுப்புங்கள், தினமும் காதைக் கழுவி மருந்து விட வேண்டும், ஒரு மாசம் என் வீட்டில் இருக்கட்டும் என்றேன்.

"எங்கூட்டு ஆளுகள உங்கூட்டுக்கு அனுப்பறதா," என்றாள் முத்தாத்தாள். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. பழனியாத்தாள் பெயர் எனக்குக் கேட்டது.

மச்சான் எழுந்து போய்ப் பையனின் சட்டைகளை எடுத்து ஒரு துண்டில் கட்டினார். முடிச்சைப் போட்டார், அவிழ்த்தார், மறுபடி போட்டார். "தயிர் குடுத்தராதீங்க. சளி புடிச்சுக்கும்," என்றார்.

முத்தாத்தாள் வேலி வரை வந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

2-5-1936, சனி

சீழ் நின்றுவிட்டது. செவிப்பறை பொத்துப்போனது ஒட்டாது என்கிறார் டாக்டர். அந்தக் காது இனி அவ்வளவுதான். இன்னொன்று நன்றாக இருக்கிறது. அப்படியே மச்சானுக்கு எழுதிவிட்டேன், ஒன்றையும் மறைக்கவில்லை. சரசுவைப் பற்றியும் எழுதினேன்: இரைச்சல் அப்படியேதான் இருக்கிறது, அடுத்த காய்ச்சலுக்கும் இதே பாடுதான், எத்தனை காய்ச்சல் தாங்குவாள் என்று டாக்டருக்கே தெரியாது.

10-5-1936, ஞாயிறு

மில் லீவு. மச்சானும் முத்தாத்தாளும் காலை பஸ்ஸில் வந்தார்கள். பையனைக் கூட்டிப்போகத்தான் வந்தது. முத்தாத்தாள் நேராகச் சமையலறைக்குள் போய் எனக்கும் சேர்த்துச் சோறு வைத்தாள்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது வாசலில் தம்பிதுரை ஓட்டாஞ்சில்லுகளை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சரசுவுக்கு அவனிடம் ஏதோ சொல்ல வேண்டும். அவள் இருந்தது அவன் வலது பக்கம். கூப்பிடவில்லை. எழுந்தாள். அவன் முதுகுக்குப் பின்னால் சுற்றி நடந்தாள். பாதி வழியில் மூச்சு முட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இளைப்பாறினாள். அப்புறம் எழுந்து அந்தப் பக்கம் போய் அவன் இடது காதில் வாயை வைத்தாள்.

இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முத்தாத்தாள் கரண்டியோடு நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு வேண்டாமுங்க," என்றாள் மச்சானிடம். "அடுத்த வாரம் வந்து கூட்டிக்கலாம்."